முதல் விமானம் உடையத்தான் செய்யும். எந்தப் பெட்டியை வாங்குவது?

தீபாவளிக்குக் கிடைத்த அன்பளிப்புப் பணமும் விடுமுறையில் பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த சம்பளமும் கையில் இருக்கின்றன. வானலையால் இயங்கும் மாதிரி விமானம் ஒன்றைச் சொந்தமாகக் கட்டிப் பறக்கவிட வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது. கடையிலோ இணையத்திலோ தேடினால் முதலில் மனத்தை இழுப்பது பெரும்பாலும் ‘ஸ்பிட்ஃபயர்’ போன்ற போர் விமானத்தின் பெட்டிதான். வளைந்த இறக்கை, பச்சையும் பழுப்பும் கலந்த வண்ணம், மேகங்களுக்கு இடையே பாயும் படம். அதே அடுக்கின் கீழ்த்தட்டில் இன்னொரு பெட்டி இருக்கும். அதன்மேல் அச்சிட்டிருக்கும் விமானம், பிஸ்கட் டின் ஒன்றின்மேல் பலகையை வைத்துக் கட்டியதுபோல் தெரியும்.

வாங்க வேண்டியது கீழ்த்தட்டில் இருக்கும் அந்தப் பெட்டியைத்தான்.

முதல் விமானம் உடையும். எவ்வளவு கவனமாகக் கட்டினாலும், எத்தனைக் காணொளி பார்த்தாலும் உடையும். அடுத்த வாரம் அது மறுபடியும் பறக்குமா, அலமாரியின்மேல் தூசி படிந்து கிடக்குமா என்பதைப் பெரும்பாலும் பெட்டியை வாங்கிய நாளிலேயே தீர்மானித்துவிடுகிறோம். ஆகவே கடையில் நிற்கும்போது இரண்டே கேள்விகள் போதும். இது மெதுவாகப் பறக்குமா? உடைந்தால் என் படிப்பு மேசையிலேயே, அக்கம்பக்கத்தில் கிடைக்கும் பசையை வைத்து, என்னால் சரிசெய்ய முடியுமா?

கண்ணும் கையும் குழம்பும் இரண்டு நொடி

ஆர்சி விமானத்தை ஓட்டுபவர் அதற்குள் உட்கார்ந்திருப்பதில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. விமானம் உங்களைவிட்டு விலகிப் போகும்போது கட்டுப்பாட்டுக் குச்சியை வலப்பக்கம் தள்ளினால் அது வலப்பக்கம் திரும்பும். அதே விமானம் உங்களை நோக்கி வரும்போது வலப்பக்கம் தள்ளினால், உங்கள் கண்ணுக்கு அது இடப்பக்கம் போகிறது. பதற்றத்தில் மேலும் தள்ளுவோம். இன்னும் சாயும்.

இந்தக் குழப்பத்திலிருந்து புதியவர் மீள இரண்டு நொடியாவது ஆகும். விமானம் 30 மீட்டர் உயரத்தில், அதாவது ஏறக்குறையப் பத்து மாடி வீவக கட்டட உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் மூக்கைக் கவிழ்த்து இறங்கினால் தரையைத் தொட மூன்று நொடி இருக்கிறது. தப்பிக்கலாம். நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் இறங்கினால் ஒன்றரை நொடிதான். நீங்கள் தவற்றை உணரும்போது விமானம் புல்லில் கிடக்கும்.

விமானம் நம்மை நோக்கி வரும்போது பழைய கைகள் சொல்லித்தரும் உபாயம் ஒன்று உண்டு. எந்தப் பக்க இறக்கை தாழ்ந்து தெரிகிறதோ அந்தப் பக்கமாகவே குச்சியைத் தள்ளுங்கள். தாழ்ந்த இறக்கைக்குக் கீழே குச்சியை முட்டுக்கொடுப்பதுபோல நினைத்துக்கொள்ளுங்கள். விமானம் நிமிர்ந்துவிடும். இது கைக்குப் பழகுவதற்குத்தான் மெதுவான விமானம் வேண்டியிருக்கிறது.

தானே நிமிரும் இறக்கை

கீழ்த்தட்டுப் பெட்டியில் உள்ள விமானத்தை முன்னாலிருந்து பாருங்கள். இறக்கைகள் நேர்க்கோட்டில் இல்லாமல், அகன்று விரிந்த ‘வி’ வடிவில் இரு முனைகளும் சற்றே உயர்ந்திருக்கும். சிலவற்றில் முனைப்பகுதி மட்டும் இன்னொரு முறை மேல்நோக்கி மடங்கியிருக்கும். காற்று ஒரு பக்கம் தள்ளி விமானம் சாய்ந்தால், அது சாய்ந்த பக்கமாகச் சற்று வழுக்கும். அப்போது தாழ்ந்த இறக்கை காற்றைக் கூடுதல் கோணத்தில் சந்திக்கிறது. அதில் தூக்குவிசை கூடுகிறது. விமானம் தானே நிமிர்கிறது. குழம்பிப்போன மாணவர் குச்சியிலிருந்து விரலை எடுத்துவிட்டால்கூடப் போதும், உயரம் இருந்தால் விமானம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும்.

இறக்கை உடலின்மேல் அமைந்திருப்பதும் இதற்கு உதவுகிறது. உடல் கீழே ஊசல்போலத் தொங்குவதால்தான் நிலைத்தன்மை வருகிறது என்று பலர் விளக்குவார்கள். அது சரியான விளக்கமன்று. விமானம் பக்கவாட்டில் வழுக்கும்போது உடற்பகுதி காற்றின் பாதையை வளைக்கிறது. இறக்கை மேலே இருந்தால் அந்த வளைவு தாழ்ந்த பக்கத்துக்குச் சாதகமாக அமைகிறது. இயற்பியல் ஆசிரியரிடம் கேட்டு விவாதிக்க நல்ல கேள்வி இது.

இந்த வடிவம் புதிதல்ல. 1930களின் பிற்பகுதியில் அமெரிக்க இரட்டையர்களான வால்டர் குட், வில்லியம் குட் இருவரும் கட்டிப் பறக்கவிட்ட ‘கஃப்’, வானலையால் வெற்றிகரமாக இயங்கிய தொடக்ககால மாதிரி விமானங்களில் ஒன்று. இன்று ஸ்மித்சோனியன் அரும்பொருளகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அதன் படத்தைத் தேடிப் பாருங்கள். மேலே அமைந்த அகன்ற இறக்கை, பெட்டி போன்ற உடல். கீழ்த்தட்டுப் பெட்டியின் தாத்தா என்று சொல்லலாம்.

கட்டுபவருக்கு இன்னொரு வசதியும் உண்டு. பயிற்சி விமானங்களின் இறக்கை பெரும்பாலும் அடிப்பக்கம் தட்டையாக இருக்கும். வரைபடத்தை மேசைமேல் விரித்து, அதன்மேலேயே இறக்கையை அப்படியே படுக்கவைத்துக் கட்டலாம். மேசை சமமாக இருந்தால் இறக்கையும் முறுக்கில்லாமல் வரும். அடியும் வளைந்த இறக்கையை நேராகக் கட்ட முட்டுகளும் தாங்கிகளும் வேண்டும். ‘ஸ்பிட்ஃபயர்’ இறக்கையில் ஒவ்வொரு விலாவும் ஒவ்வோர் அளவு. ஒன்று உடைந்தால் அதற்கென்று தனியாக வெட்ட வேண்டும். கீழ்த்தட்டு விமானத்தின் செவ்வக இறக்கையில் எல்லா விலாவும் ஒரே அளவு. ஓர் அட்டை அச்சு இருந்தால் எத்தனை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம்.

ஒரு வகுத்தல் கணக்கு

பெட்டியின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று பறக்கும்போதுள்ள மொத்த எடை. மற்றது இறக்கையின் பரப்பளவு. எடையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது இறக்கைச் சுமை. பெட்டிமேல் அச்சிட்ட எல்லா விளம்பர வாசகங்களையும்விட இந்த ஓர் எண் பயனுள்ளது.

1,200 மி.மீ நீளமும் 200 மி.மீ அகலமும் கொண்ட செவ்வக இறக்கையை எடுத்துக்கொள்வோம். 12 டெசிமீட்டரை 2 டெசிமீட்டரால் பெருக்கினால் பரப்பு 24 சதுர டெசிமீட்டர். மின்கலத்தோடு எடை 720 கிராம் என்றால், சதுர டெசிமீட்டருக்கு 30 கிராம். இந்த அளவுள்ள முதல் விமானத்துக்கு 20 முதல் 35 வரை இருந்தால் நிம்மதி. அதே நீளத்தில் ஒரு போர் விமான மாதிரி 50, 60 என்று போகலாம்.

அதனால் என்ன ஆகும்? ஒரு விமானம் காற்றில் நிற்கத் தேவையான குறைந்தபட்ச வேகம், இறக்கைச் சுமையின் வர்க்கமூலத்துக்கேற்ப மாறும். சுமை 30 என்றால் அந்த வேகம் நம் வெப்பநிலையில் மணிக்கு ஏறத்தாழ 24 கி.மீ, சைக்கிள் ஓட்டம்போல. சுமை 60 என்றால் ஏறத்தாழ 34 கி.மீ. பத்து கி.மீ கூடுதல்தானே என்று தோன்றும். ஆனால் இயக்க ஆற்றலைக் கணக்கிட்டுப் பாருங்கள். இறக்கை அதே அளவு, எடை இரண்டு மடங்கு. வேகத்தின் வர்க்கமும் இரண்டு மடங்கு. ஆக, தரையில் மோதும்போது கனமான விமானம் சுமந்துவரும் ஆற்றல் நான்கு மடங்கு. முதலாவதில் காற்றாடி மட்டும் உடையும் இடத்தில் இரண்டாவதில் மூக்கு, இறக்கையின் நடுச்சட்டம், மோட்டார் பொருத்திய பலகை எல்லாம் போய்விடும்.

பெட்டியில் பரப்பளவு இல்லாவிட்டால் நீளத்தையும் அகலத்தையும் வைத்து நீங்களே பெருக்கிப் பார்க்கலாம். எடையே போடாத பெட்டியை நான் நம்புவதில்லை.

பால்சாவா, ஃபோம் பலகையா?

எல்லாம் பொருத்தித் தயாராக வருவது, இறக்கையும் வாலும் மட்டும் பொருத்த வேண்டியது, முழுவதும் நீங்களே கட்ட வேண்டியது என மூன்று வகையாக விற்கிறார்கள். தயார்நிலையில் வருபவற்றைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. அவற்றின் மென்மையான ஃபோம் உடல் நன்றாகவே அடி தாங்கும். ஆனால் கட்டிப் பழகிய கைக்குத்தான் எங்கே எது ஒட்டியிருக்கிறது, எந்தப் பாகம் சுமையைத் தாங்குகிறது என்பது தெரியும். உடைந்ததை ஒட்ட அந்த அறிவு வேண்டும். ஆகவே கட்டும் வகையைப் பற்றியே பேசுவோம்.

பால்சா மரக்கட்டைப் பெட்டிகள் இத்துறையின் பழம்பெருமை. உலகின் பால்சாவில் பெரும்பங்கு எக்குவடோரிலிருந்து வருகிறது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும் அளவு மென்மை. ஆனால் எடைக்கு ஏற்ற வலிமையில் சளைத்ததில்லை. அமெரிக்காவின் ‘சிக்’ நிறுவனம் வெளியிட்ட ‘கேடட்’ வரிசை, பல தலைமுறையினர் கட்டிப் பழகிய பயிற்சி விமானம். அதில் ‘எல்டி-40’ என்பதன் இறக்கை 70 அங்குலம், ஏறக்குறைய 178 செ.மீ. பெயரில் உள்ள 40, அதற்குப் பொருத்திய எண்ணெய் இயந்திரத்தின் கொள்ளளவு, அதாவது 0.40 கன அங்குலம். இன்று பெரும்பாலோர் மின்மோட்டாரையே பொருத்துகிறார்கள். சத்தமும் இல்லை, சட்டையில் எண்ணெயும் இல்லை.

பால்சாப் பெட்டியை வாங்குமுன் நான்கைந்து விவரங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். முழு அளவு வரைபடம் உண்டா? இருந்தால் உடைந்த பாகத்தைப் பிரதியெடுத்து வெட்டிக்கொள்ளலாம். பாகங்களை லேசரால் வெட்டியிருக்கிறார்களா? பழைய அச்சு வெட்டுப் பெட்டிகளில் விளிம்பு நசுங்கியிருக்கும், தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்துவிடும். இறக்கைமேல் போர்த்தும் படலம் உள்ளே இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது, தனியாக வாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, செய்முறைக் கையேட்டை முன்கூட்டியே இணையத்தில் இறக்கிப் படியுங்கள். ஒவ்வொரு படிக்கும் படம் இருக்கிறதா, முதல் பத்துப் பக்கம் புரிகிறதா என்று பாருங்கள். புரியவில்லை என்றால் அந்தப் பெட்டி இப்போதைக்கு உங்களுக்கானதல்ல.

நம் ஊர் ஈரப்பதம் பால்சாவுக்கு நண்பனல்ல. கட்டிய இறக்கையைச் சுவரில் சாய்த்து ஒரு மாதம் விட்டால் முறுக்கிக்கொள்ளக்கூடும். இஸ்திரிப்பெட்டியால் சூடாக்கி ஒட்டும் படலம் வெயிலில் தளர்ந்து சுருக்கம் விழும். இரண்டையும் மறுபடி சூடுகாட்டிச் சரிசெய்யலாம். ஆனால் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். நண்பகல் வெயிலில் நிறுத்திய காருக்குள் எந்த மாதிரி விமானத்தையும் விட்டுவிடாதீர்கள்.

ஃபோம் பலகை விமானம் இன்னொரு பாதை. இருபுறமும் காகிதம் ஒட்டிய ஃபோம் பலகையைப் பள்ளித் திட்டப்பணிக்கு நீங்களே வாங்கியிருப்பீர்கள். அதை வெட்டி, மடித்து, சூடான பசைத் துப்பாக்கியால் ஒட்டினால் ஒரு வார இறுதியில் விமானம் எழுந்து நிற்கும். ‘ஃப்ளைட் டெஸ்ட்’ என்ற அமெரிக்கக் குழு இவ்வகை விமானங்களின் வரைபடங்களை இலவசமாகத் தருகிறது. வெட்டிய பாகங்களைப் பெட்டியாகவும் விற்கிறது. அவர்களுடைய ‘டைனி டிரெய்னர்’ தொடக்கநிலையினருக்கானது. தானே நிமிரும் மடிந்த இறக்கை ஒன்று, பிறகு பழகியதும் மாற்றிக்கொள்ள எய்லரான் உள்ள இறக்கை ஒன்று என ஒரே உடலுக்கு இரண்டு இறக்கைகள். எச்சரிக்கை ஒன்றுண்டு. இங்கே கலைப்பொருள் கடைகளில் கிடைக்கும் பலகைகள் பல, அந்த வரைபடங்கள் எதிர்பார்க்கும் பலகையைவிடக் கனமானவை. வாங்கிய பலகையைச் சமையலறைத் தராசில் எடைபார்த்து, இறக்கைச் சுமையைக் கணக்கிட்ட பிறகு கத்தியை எடுங்கள்.

எதைப் பரிந்துரைப்பேன்? பக்கத்தில் நின்று கற்றுக்கொடுக்க ஒருவர் உறுதியாகக் கிடைத்தால், பொறுமையும் இருந்தால், பால்சா. அந்த வேலையில் கிடைக்கும் நிறைவு தனி. யாரும் இல்லாமல் நண்பர்கள் இருவராகத் தொடங்குகிறீர்கள் என்றால் ஃபோம் பலகைதான். மூன்று மாதம் இழைத்த இறக்கையைப் பணயம் வைத்துப் பறக்கவிடும் மாணவரின் கை நடுங்கும். சனிக்கிழமை வெட்டி ஒட்டிய பலகையைப் பறக்கவிடுபவருக்கு அந்த நடுக்கம் இல்லை.

மின்தூக்கிக்குள் நுழையுமா?

கடைகளும் கையேடுகளும் சொல்லாத ஒரு கேள்வி, நம் ஊரில் முதன்மையான கேள்வி. 178 செ.மீ. இறக்கை ஒரே துண்டாக இருந்தால் வீட்டில் எங்கே வைப்பீர்கள்? எம்ஆர்டியில் மாலை நேரக் கூட்டத்தில் எப்படிக் கொண்டுபோவீர்கள்? இறக்கை இரண்டாகப் பிரியும் வகையா என்று பார்த்து வாங்குங்கள், அல்லது ஒன்றரை மீட்டருக்குள் நில்லுங்கள். அதற்காக மிகச் சிறிதாகவும் போய்விடக்கூடாது. அரை மீட்டர் இறக்கையுள்ள குட்டி விமானத்தை மெல்லிய காற்றே தூக்கி எறியும். நூறு மீட்டர் தள்ளிப் போனால் அது வருகிறதா போகிறதா என்பதே தெரியாது. ஏறக்குறைய ஒரு மீட்டரிலிருந்து ஒன்றரை மீட்டர் வரை என்பது வீட்டுக்கும் கண்ணுக்கும் ஒத்துவரும் அளவு.

சட்டமும் அளவைத் தீர்மானிக்கிறது. சிங்கப்பூரில் மாதிரி விமானமும் ஆளில்லா விமானம்தான். மொத்த எடை 250 கிராமைத் தாண்டினால் சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் பதிவுசெய்ய வேண்டும். பதிவுசெய்பவருக்கு 16 வயது ஆகியிருக்க வேண்டும். அதற்குக் குறைந்தவர்கள் பெற்றோரையோ மூத்தவரையோ நாட வேண்டும். 1.5 கிலோகிராமைத் தாண்டினால் பொழுதுபோக்குக்குப் பறக்கவிடுபவரும் பயிற்சிச் சான்றிதழ் பெற வேண்டும். 250 கிராமுக்கு மேற்பட்டவை தங்கள் அடையாளத்தை ஒலிபரப்பும் கருவியைப் பொருத்தியிருக்க வேண்டும் என்ற விதி 2025 டிசம்பரில் நடப்புக்கு வந்தது. எடை எதுவானாலும், விமான நிலையங்கள், ஆகாயப்படைத் தளங்களைச் சுற்றி 5 கி.மீக்குள்ளும், கடல்மட்டத்துக்கு மேல் 200 அடிக்கு அப்பாலும் அனுமதியின்றிப் பறக்கவிடக்கூடாது. சிங்கப்பூர் வரைபடத்தில் சாங்கி, சிலேத்தார், பாய லேபார், தெங்கா, செம்பவாங் ஆகியவற்றைச் சுற்றி வட்டம் வரைந்து பாருங்கள். மிஞ்சும் இடம் எவ்வளவு குறைவு என்பது தெரியும். வீட்டுக்குக் கீழே உள்ள திடல் ஏற்ற இடமென்று நினைத்துவிடாதீர்கள். விதிகள் அடிக்கடி மாறுவதால், பெட்டிக்குப் பணம் கொடுப்பதற்கு முன்பே ஆணையத்தின் இணையத்தளத்தைப் பார்ப்பது நல்லது. மலேசியாவில் படிப்பவர்கள் அந்நாட்டின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளைப் பார்க்க வேண்டும்.

இந்த எண்களைப் பெட்டிகளோடு பொருத்திப் பாருங்கள். ‘எல்டி-40’ பறக்கும்போது 2.3, 2.4 கிலோகிராம் வரும். அதாவது கட்டுவதற்கு முன்னாலேயே பயிற்சிச் சான்றிதழ் பற்றி யோசிக்க வேண்டும். 500 முதல் 1,000 கிராம் வரையிலான பயிற்சி விமானத்துக்குப் பதிவும் அடையாளக் கருவியும் போதும்.

யாரிடம் கற்பது?

பெட்டியைத் தேர்ந்தெடுப்பதைவிட இது முக்கியம் என்றுகூடச் சொல்வேன். தேசிய மாணவர் படையின் ஆகாயப்படைப் பிரிவில் மாதிரி விமானக் கலை ஓர் அங்கம். உங்கள் பள்ளியில் அந்தப் பிரிவு இருந்தால் முதலில் அங்கே கேளுங்கள். டிஎஸ்ஓ தேசிய ஆய்வுக்கூடங்களும் சிங்கப்பூர் அறிவியல் நிலையமும் நடத்தும் ‘சிங்கப்பூர் அமேசிங் ஃப்ளையிங் மெஷின்’ போட்டியில் காகித விமானம் முதல் வானலையால் இயங்கும் விமானம் வரை பல பிரிவுகள் உண்டு. பலதுறைத் தொழிற்கல்லூரியில் விமானப் பொறியியல் படிக்கும் அண்ணன், அக்கா யாரேனும் தெரிந்தவர்களாக இருந்தால், அவர்களுடைய திட்டப்பணிக் கூடத்தில் ஒரு மாலை நின்று பார்த்தாலே பல காணொளிகள் சொல்லாதது புரியும்.

கட்டுப்பாட்டுக் கருவியை வாங்குமுன் கற்றுக்கொடுப்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: நீங்கள் ‘மோட் 1’ பயன்படுத்துகிறீர்களா, ‘மோட் 2’வா? எந்தக் குச்சி எதை இயக்கும் என்பது இரண்டிலும் வேறு. அவரும் நீங்களும் ஒரே வகையில் இருந்தால்தான் உங்கள் விமானம் தடுமாறும்போது அவர் சட்டென்று கருவியை வாங்கிக் காப்பாற்ற முடியும். இரண்டு கருவிகளை இணைத்து, ஆசிரியர் ஒரு விசையை விட்டவுடன் கட்டுப்பாடு அவரிடம் போகும் ஏற்பாடும் உண்டு. வாங்கும் கருவியில் அந்த வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

கருவியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். விமானம் உடையும், மோட்டார் தேயும், மின்கலம் சில ஆண்டுகளில் வீங்கும். ஆனால் நல்ல கட்டுப்பாட்டுக் கருவியும் நல்ல மின்னேற்றியும் அடுத்த ஐந்து விமானங்களுக்கும் கூட வரும். பெட்டியின் விலையை மட்டும் பார்த்து வரவுசெலவு போடுபவர்கள் இங்கேதான் திணறுகிறார்கள். கருவி, ரிசீவர், மூன்று நான்கு சிறிய சர்வோக்கள், மோட்டார், வேகக் கட்டுப்பாட்டுப் பலகை, மின்கலம், மின்னேற்றி எல்லாவற்றையும் எழுதிக் கூட்டினால் பெட்டி பட்டியலின் சிறிய பகுதியாகவே இருக்கும்.

கருவி கைக்கு வந்ததும், விமானம் தயாராகும் வரை காத்திருக்காதீர்கள். யுஎஸ்பி கம்பியால் கணினியோடு இணைத்து, ‘பிக்காசிம்’ போன்ற இலவசப் பாவனை மென்பொருளிலோ ‘ரியல்ஃப்ளைட்’ போன்ற கட்டண மென்பொருளிலோ பழகலாம். நம்மை நோக்கி வரும் விமானத்தைத் திருப்பும் பயிற்சியை மட்டும் தினமும் இருபது நிமிடம் செய்தால் போதும். திரையில் நூறு விமானம் உடையட்டும். காசா பணமா?

மேசைமேல் இரண்டு ஆபத்து

ஒன்று லிப்போ மின்கலம். ஒவ்வொரு அறையும் முழுதாக நிரம்பும்போது 4.2 வோல்ட், அதைத் தாண்டினால் தீப்பற்றும் அபாயம் உண்டு. லிப்போவுக்கான மின்னேற்றியில் மட்டுமே ஏற்ற வேண்டும். ஏற்றும்போது வீட்டில், விழித்தபடி, பக்கத்தில் இருக்க வேண்டும். இரவில் செருகிவிட்டுத் தூங்கப் போவது கூடவே கூடாது. மெத்தை, திரைச்சீலை, புத்தக அடுக்கு ஆகியவற்றிலிருந்து தள்ளி, பீங்கான் ஓடு பதித்த தரையில் வைத்து ஏற்றுங்கள். பல நாள் பயன்படுத்தப் போவதில்லை என்றால் அறைக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்திருப்பது நல்லது. வீங்கிய மின்கலத்தை ‘இன்னும் ஒரு தடவை’ என்று பறக்கவிடாதீர்கள். வீட்டில் பெரியவர்கள் இந்தப் பொழுதுபோக்குக்குத் தயங்கினால், அவர்களிடம் காட்ட வேண்டியது விமானத்தின் படத்தையல்ல. எங்கே, எப்படி மின்னேற்றுவீர்கள் என்ற ஏற்பாட்டைத்தான்.

இரண்டாவது காற்றாடி. மேசைமேல் சர்வோக்களைச் சரிபார்க்கும் வேளையில் காற்றாடியைக் கழற்றி வைத்துவிடுங்கள். மின்கலத்தை இணைத்த மோட்டார் எந்த நொடியும் சுழலலாம். விரல் போனால் ஒட்டப் பசை கிடையாது.

முதல் பறப்புக்கு முன்

விமானம் ஈர்ப்பு மையத்தில் சமநிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான பயிற்சி விமானங்களுக்கு அது இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தின் கால்பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே வரும். 200 மி.மீ அகலமுள்ள இறக்கையில் 50 முதல் 66 மி.மீக்குள். வரைபடத்தில் குறித்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். இரண்டு விரல் நுனியில் இறக்கையைத் தாங்கினால் மூக்கு சற்றே தாழ்ந்து நிற்க வேண்டும். வால் கனத்தால் விமானம் கட்டுக்குள் அடங்காது. மின்கலத்தை முன்னே நகர்த்திச் சரிசெய்யலாம். ஆகவே பெட்டியைத் தேர்ந்தெடுக்கும்போதே மின்கல அறை தாராளமாக இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

பிறகு விமானத்தின் பின்னால் நின்று குச்சிகளை ஒவ்வொன்றாக அசையுங்கள். வலப்பக்கம் தள்ளினால் வல எய்லரான் மேலே எழ வேண்டும், இடது கீழே இறங்க வேண்டும். எய்லரான் இல்லாத விமானத்தில் ரடரின் பின்விளிம்பு வலப்பக்கம் போக வேண்டும். குச்சியை உங்கள் பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேலே மடங்க வேண்டும். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் சர்வோ தலைகீழாக இணைந்திருந்ததால் மேலே கிளம்பிய வேகத்தில் கவிழ்ந்த விமானங்கள் ஏராளம். இந்தச் சோதனைக்கு அரை நிமிடம்கூட ஆகாது.

காற்று அமைதியாக இருக்கும் காலை நேரத்தில், நல்ல உயரத்துக்கு ஏற்றிவிட்டு, பெரிய வட்டங்கள் போடுங்கள். வித்தை வேண்டாம். மின்கலத்தில் பாதிக்கு மேல் இருக்கும்போதே இறங்கத் தொடங்குங்கள். முதல் முயற்சி சரியில்லை என்றால் மறுபடி சுற்றி வர மின்சாரம் வேண்டும்.

உடைந்தால், துண்டுகள் அனைத்தையும் பொறுக்கி ஒரு பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். விரலளவுத் துண்டுகூட வேண்டும். பால்சா முறிந்த இடம் ஒன்றோடொன்று அப்படியே பொருந்தும். மெல்லிய சூப்பர் குளூவைச் சொட்டுவிட்டால் பிடித்துக்கொள்ளும். பெரும் சுமை தாங்கும் நடுச்சட்டம் என்றால் இருபக்கமும் பட்டை வைத்து எப்பாக்சியால் ஒட்டுங்கள். ஃபோம் பலகைக்குச் சூடான பசையும் ஐஸ்கிரீம் குச்சியும் போதும். ஒட்டிய பிறகு மறக்காமல் மறுபடி எடைபாருங்கள், சமநிலையும் பாருங்கள். பசை மூக்கிலும் வாலிலும் ஓசையில்லாமல் கனம் சேர்த்துவிடும்.

உதவியின்றி ஏற்றவும் இறக்கவும், உங்களை நோக்கி வரும்போது தயக்கமின்றித் திருப்பவும் கை பழகிய பிறகு இரண்டாவது பெட்டியைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் ‘ஸ்பிட்ஃபயர்’ வேண்டாம். தாழ்வான நேர் இறக்கையும் எய்லரானும் கொண்ட ‘ஃபோர் ஸ்டார்’ போன்ற ஒன்று. முதல் விமானத்தின் சர்வோ, ரிசீவர், மோட்டார் ஆகியவற்றில் அளவு பொருந்துபவற்றை அதற்குள் மாற்றிக்கொள்ளலாம். உடலை மட்டும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அடுத்த ஆண்டு உயர்நிலை ஒன்றில் சேரும் யாரேனும் ஒரு தம்பியோ தங்கையோ வந்து கேட்கக்கூடும்.